பாவாடைக் கணக்கு

எல் ஆல்ட்டோ விமான நிலையத்தில், எங்கள் கந்தூதா விமான நிறுவனத்து அலுவலகத்தில், வெளியூர்க்காரர்களுக்கென்று ஒரே ஒரு பிராணவாயு சிலிண்டர் உண்டு. அந்த அக்டோபரில் எங்களுக்கு விமானம் விற்க வந்தவர்களோ இரண்டு பேர். ஒருவர் பிரெஞ்சுக்காரர் ஃபூர்காத். இன்னொருவர் அமெரிக்கர் ஹார்கிஸ். இருவருடைய கம்பெனிகளும் உலகம் முழுக்க ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பவை. ஆனால் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கினால் இருவரும் ஒரே குழாயைத்தான் மூக்கில் வைத்தாக வேண்டும். ஃபூர்காத் வைத்து எடுத்ததும் ஹார்கிஸ் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் குழாயை மூன்று முறை துடைப்பார். ஹார்கிஸ் முடித்ததும் ஃபூர்காத் நான்கு முறை துடைப்பார். பஞ்சு வாங்கி எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

என் பெயர் நியெவெஸ். அந்த நிறுவனத்தில் எடைக் கணக்குப் போடுகிற பொறியாளர். எங்கள் ஊர்க் காற்று மெலிந்தது; அதில் விமானம் எழுவதே பெரும்பாடு. விடியற்குளிரில் நூற்றிருபது பேரைத் தூக்குகிற விமானம், மதிய வெயிலில் நூறு பேருக்கே முனகும். இன்றைய வெப்பத்துக்கு இன்றைக்கு எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி கதவைச் சாத்துவார். எல் ஆல்ட்டோவில் பிறந்த ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் முதலாளி தோன் அர்னுல்ஃபோ மூன்று கிழ விமானங்களை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டியவர். இப்போது எட்டுப் புதிய விமானம் வாங்க முடிவு செய்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. “மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, இங்கேர்ந்து கோபிஹாவுக்கு, எத்தனை பேரைத் தூக்குவீங்க?” கோபிஹா பிரேசில் எல்லையில் காட்டுக்குள் இருக்கிற ஊர். எங்கள் மதிய விமானத்தில் முக்கால்வாசிப் பேர் வியாபாரப் பெண்கள். இங்கிருந்து பாலாடைக்கட்டியும் உப்புக்கண்டமும் பனியில் உலர்த்திய கிழங்கும் கொண்டுபோய் விற்று, அங்கிருந்து பிளாஸ்டிக் சாமானோடு திரும்புவார்கள். அந்த விமானம் நிறைந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

ஃபூர்காத் நூற்றுப் பதினான்கு என்றார். மறுநாள் ஹார்கிஸ் நூற்றுப் பதினேழு என்றார். ஃபூர்காத் துலூஸில் இருக்கும் தன் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு வந்து நூற்றுப் பத்தொன்பது என்றார். ஹார்கிஸ் சிலிண்டரை நாடிப் போய் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நூற்றிருபத்திரண்டு என்றார்.

“இன்ஜினியரம்மா, அந்த ஆளு சொல்ற எண்ணுல ரெண்டு பேரு விமானத்துக்கு வெளியில தொங்கிட்டு வருவாங்க” என்றார் ஃபூர்காத், என் மேசைமேல் குனிந்து.

“பிரெஞ்சுக்காரங்க கணக்கு நல்லாத்தான் போடுவாங்க. காகிதம் மட்டும் பறக்கும்” என்றார் ஹார்கிஸ், கோக்கா இலைத் தேநீரை ஊதிக்கொண்டே.

இவர்கள் சொன்ன அத்தனை எண்களும் நான் கொடுத்த ஓர் அட்டவணையின் மேல் நின்றன. எங்கள் பயணி ஒருவருடைய சராசரி எடை, உடுப்பும் கைப்பையும் சேர்த்து, எழுபத்து நான்கு கிலோ. ஒன்பது வருடத்துக்கு முன் நானே வாசலில் தராசு போட்டு, ஒரு வாரம் நின்று, ஆயிரத்து நூறு பேரை நிறுத்து எடுத்த கணக்கு. அடியில் என் கையெழுத்து. அரசாங்கமே அதைப் பாராட்டி ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேன்.

வாயால் சொன்னது போதும், தூக்கிக் காட்டுங்கள் என்றார் தோன் அர்னுல்ஃபோ. இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு விமானத்தை வரவழைத்தன. எங்கள் வாடிக்கையாளர்களான வியாபாரப் பெண்களையே நூற்றுப் பத்துப் பேர் இலவசமாக ஏற்றிக்கொண்டு மதியம் கோபிஹா போய் மாலையில் திரும்புவதென்று ஏற்பாடு. பெட்டி மூட்டைக்கு இடமில்லை, ஆளுக்கு ஒரு கைப்பைதான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம்.

வியாழக்கிழமை பிரெஞ்சு விமானம் கிளம்பியது. நான் ஓடுபாதையின் ஓரத்தில் நின்றேன். சக்கரம் எந்த இடத்தில் தரையை விட வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டு ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். விமானம் கொடியைத் தாண்டியது. இன்னும் ஓடியது. இருநூறு மீட்டர் தள்ளித்தான் மூக்கைத் தூக்கியது. நான் தூரத்தைக் குறித்துக்கொண்டேன். ஹார்கிஸுக்கோ வாயெல்லாம் பல்.

அன்று மாலை ஃபூர்காத் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“இது சதிம்மா. நேத்து அந்த ஹார்கிஸ் பெட்ரோல் ஊத்துற பசங்களுக்கு பீர் வாங்கிக் குடுத்தான். என் கண்ணாலயே பாத்தேன்.”

“அவரு எல்லாருக்கும்தான் வாங்கிக் குடுக்கறாரு. நானும் ஒண்ணு குடிச்சேன்.”

“டேங்கில கூட ஊத்தியிருக்காங்க. இல்லேன்னா எங்க விமானம் இப்படி ஓடாது.”

டேங்கை அளந்து பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட அதிகமில்லை. ஃபூர்காத் நம்பவில்லை. ஹார்கிஸ் தன் பங்குக்கு அலுவலகம் முழுக்க இறைச்சி வைத்த சல்டேன்யாப் பலகாரம் வாங்கி விநியோகித்தார். பிரெஞ்சுக்காரர்கள் இருநூறு மீட்டர் நீளமாக ரொட்டி செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கணக்கும் அந்த நீளம்தான் போலிருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செவ்வாய்க்கிழமை அமெரிக்க விமானம் கிளம்பியது. அதற்கு நீலக் கொடி. அதுவும் கொடியைத் தாண்டியது. நான் என் காலடியால் அளந்தேன். இருநூற்றுப் பத்து மீட்டர்.

ஹார்கிஸ் முகத்தில் ஈயாடவில்லை. பல் இளிக்க வேண்டியது ஃபூர்காத்தின் முறை. ஆனால் அவர் இளிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவர் கெட்டிக்காரர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து என் அறைக்குள் வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எனக்கு அதைப் பார்த்ததே பயமாக இருந்தது.

“ரெண்டு கம்பெனி, ரெண்டு விமானம், ரெண்டு விதமான எஞ்சின்” என்றார் ஃபூர்காத். “ஆனா தப்பு ஒரே அளவு.”

“எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான் இன்ஜினியரம்மா” என்றார் ஹார்கிஸ். அதற்கு மேல் சொல்ல அவருக்குச் சங்கடம். சட்டம் போட்ட கடிதத்தைப் பார்த்தார்.

“என் அட்டவணை” என்றேன் நான்.

“கோவிச்சுக்காதீங்க” என்றார் ஃபூர்காத்.

கோபித்துக்கொண்டேன். ஆயிரத்து நூறு பேரை நிறுத்திருக்கிறேன், நீங்கள் யார் என் கணக்கில் கை வைக்க என்று சத்தம் போட்டு இருவரையும் வெளியே அனுப்பினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். தராசு சரியாக இருந்தது. எழுதியதும் சரி. கூட்டியதும் சரி. பின்னே எங்கே ஓட்டை?

விடை என் மாமியார் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது.

என் மாமியார் இலாரியா முப்பது வருடமாகக் கோபிஹா வியாபாரம் பண்ணுகிறவர். வியாபாரப் பெண்களின் சங்கத்துக்குத் தலைவியும் அவர்தான். இரண்டு இலவசப் பயணத்திலும் போய்வந்தவர். அன்று சாயங்காலம் நான் போனபோது அடுப்பில் வேர்க்கடலை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வட்டத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, விமானத்துக்குக் கட்டிப்போன பாவாடைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் சரக்கு வைக்க வரிசையாகப் பைகள் தைத்திருந்தன. பதினொரு பாவாடை வரை எண்ணினேன்.

எங்கள் பெண்கள் விமானமேறும்போது கூடக் கொஞ்சம் பாவாடை கட்டுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். மூட்டைக்கு எடைக்கூலி உண்டு, உடுப்புக்குக் கிடையாது. கோபிஹாவில் இறங்கியதும் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்து பாதி உடம்பாக வெளியே வருவதை நானே பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதனால் என்ன, தராசில் அதுவும் சேர்ந்துதானே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

“அத்தை, ஒண்ணு கேக்கறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நான் வாசல்ல தராசு போட்டு நிறுத்தேனே, ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? அந்தக் குளிர்ல எங்களை எல்லாம் கோழி மாதிரி தூக்கி வெச்சியே.”

“அன்னிக்கு எத்தனை பாவாடை கட்டிட்டு வந்தீங்க?”

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பாவாடை கீழே விழுந்தது.

“ஒண்ணு. எல்லாரும் ஒண்ணுதான். நீதானடி சொன்ன.”

“நான் எப்பச் சொன்னேன்?”

“அப்ப உனக்குக் கல்யாணம் ஆகலை. ஃபெர்மின் உன்னைப் பொண்ணு காட்டக் கூட்டிட்டு வந்தான். இதே மேசையில உக்காந்து, பெரிய மனுஷி மாதிரி, ‘திங்கக்கிழமையிலிருந்து எல்லாரையும் தராசுல நிறுத்தப்போறேன்’னு சொன்ன. எடை போட்டா அடுத்து காசு கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? ராத்திரியே சங்கத்துல சொல்லிட்டேன். ஒரு வாரம் எவளும் ஒத்தைப் பாவாடைக்கு மேல கட்டக் கூடாதுன்னு. வியாபாரம் போனாலும் பரவாயில்லைன்னு கட்டுப்பாடா இருந்தோம்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வருங்கால மாமியாரிடம் ஜம்பம் அடித்துக்கொள்ள வாயைக் கொடுத்து, என் கணக்கை நானே கெடுத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக மதிய விமானம் ஒவ்வொன்றும் காகிதத்தில் இருந்ததைவிட ஒன்றரை டன் கூடச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. ‘இன்னிக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனமா எழுந்துச்சு’ என்று விமானிகள் சொல்லும்போதெல்லாம் நான் உயரத்தைக் குறை சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு நாள் ஒரு எஞ்சின் பாதி ஓட்டத்தில் நின்றிருந்தால்?

“எதுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு? சூப்பைக் குடி.”

“அத்தை, மறுபடியும் எடை போடணும். எல்லாரும் உள்ளபடி வரணும். பதினொண்ணு கட்டினா பதினொண்ணோட.”

சிரிப்பு நின்றுவிட்டது. “போட்டு?”

“உண்மையான கணக்கு வேணும்.”

“கணக்கு வந்ததும் உங்க முதலாளி பாவாடைக்குக் கூலி கேப்பாரு. அந்த லாபத்துலதான் எங்க பொழப்பே ஓடுது நியெவெஸ். உன் புருஷனைப் படிக்க வெச்சது எதுன்னு நெனைக்கற? அந்த ஆறாவது பாவாடையும் ஏழாவது பாவாடையும்தான்.”

“எஞ்சின் நின்னா ஓடுபாதை போதாது அத்தை. உள்ள நீங்கதான் உக்காந்திருப்பீங்க.”

“முப்பது வருஷமா போறேன். நிக்கலை.”

இருவரும் சூப்பைக் குடித்தோம். சூப் ருசியாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக மதிய விமானத்தில் பதினெட்டு இருக்கைகளை அடைத்தேன். டிக்கெட் வைத்திருந்த பதினெட்டுப் பேர் கீழே சண்டை போட, பத்து நிமிடத்தில் தோன் அர்னுல்ஃபோ கூப்பிட்டனுப்பினார். நான் கையோடு ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் ஜம்பம் அடித்ததையும் விடவில்லை. மாமியார் பெயரை மட்டும் சொல்லவில்லை. ‘பெண்களுக்கு விஷயம் தெரிந்துபோனது’ என்றேன். அவர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“இப்ப யாருக்கெல்லாம் தெரியும்?”

“அந்த ரெண்டு பேருக்கும் தெரியும். மொத்தமாத் தெரியாது. அட்டவணை சரியில்லைன்னு தெரியும்.”

“சொல்லாம விட்டிருந்தா?”

“அவங்க கொடுக்கற உத்தரவாதம் என் அட்டவணைப்படிதான் செல்லும். நாளைக்கு விமானம் தூக்கலைன்னா, ‘உங்க ஆளுங்க எடை கூட’ன்னு கையை விரிச்சிடுவாங்க. நீங்க எட்டு விமானம் வாங்கி, பாதி சீட்டைக் காலியா ஓட்டணும். இல்லேன்னா என்னை மாதிரி ஒருத்தி கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடணும்.”

அவர் கடிதத்தை இழுப்பறையில் போட்டார். கிழிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. “வெள்ளிக்கிழமை காலையில எடை போடு. அப்புறம் இதைப் பேசலாம்.” அந்த இழுப்பறைக்குள் என் பதினோரு வருட வேலை கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் தராசோடு நின்றேன். தோன் அர்னுல்ஃபோ குளிருக்குக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கம். ஃபூர்காத்தும் ஹார்கிஸும் நோட்டுப் புத்தகத்தோடு இன்னொரு பக்கம். சிலிண்டரைக்கூடத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். இல்லிமானி மலை பளிச்சென்று தெரிந்தது. ஒரு பெண்கூட வரவில்லை.

ஏழரை ஆனது. ஹார்கிஸ் காலை மாற்றி மாற்றி நின்றார். “இன்ஜினியரம்மா, நான் வேணா ஏறி நிக்கட்டுமா?” என்றார். நல்ல மனிதர்தான். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். தோன் அர்னுல்ஃபோ கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மினிபஸ் ஒன்று வந்து நின்றது. என் மாமியார் இறங்கினார். இறங்கினார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். கதவில் சிக்கி, ஓட்டுநர் பின்னாலிருந்து தள்ள, பக்கவாட்டில் வெளியே வந்தார். நேரே தராசை நோக்கி நடந்தார். நான் கை கொடுக்கப் போனேன். தட்டிவிட்டார். ஏறி நின்றார்.

“என்ன காட்டுது?”

“நூத்தி ஒன்பது” என்றேன்.

“எழுது.”

எழுதினேன். அவர் தராசிலிருந்து இறங்கவில்லை. அங்கே நின்றபடியே தோன் அர்னுல்ஃபோவைப் பார்த்துப் பேசினார்.

“ஐயா, இவ வேலையை விடறதா கடிதம் குடுத்தாளாமே. என் மகன் நேத்து சொன்னான், எங்கிட்ட இவ மூச்சு விடலை. அந்தப் பழைய கணக்குல இவ தப்பு எதுவுமில்ல. சங்கத்துல சொல்லி எல்லாரையும் ஒத்தைப் பாவாடையில வர வெச்சவ நான். கேக்கறதை என்கிட்ட கேளுங்க.”

“வாயைத் தொறந்தது நான்தான்” என்றேன்.

“நீ சும்மா இரு. பெரியவங்க பேசும்போது குறுக்க வராத.” மறுபடி அவர் பக்கம் திரும்பினார். “என் ஆளுங்க தொண்ணூறு பேரு அந்த மூலையில ஆறு மினிபஸ்ல உக்காந்திருக்காங்க. உள்ளபடி கட்டிட்டுத்தான் வந்திருக்காங்க. பாவாடைக்குக் கூலி கேக்க மாட்டாங்கன்னு என் மருமக சொன்னதாச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன். இவ அப்படி சொல்லலை. நான்தான் சொன்னேன். இப்ப நீங்க சொல்லுங்க.”

தோன் அர்னுல்ஃபோ திரும்பிப் பார்த்தார். தெருமுனையில் மினிபஸ் ஜன்னல்களில் வட்டத் தொப்பிகள் வரிசையாகத் தெரிந்தன.

“எங்கம்மா கிழங்கு வித்தவங்க” என்றார். “லாரியில போனாங்க. லாரிக்காரன் எடை போட மாட்டான், அதனால பாவாடை தேவைப்படலை. நீங்க கட்டினது உங்க உடுப்பு. அதுக்கு நான் கூலி கேட்டா என்னை இந்த ஊர்ல விட்டுவெப்பீங்களா?”

“மாட்டோம்” என்றார் என் மாமியார்.

அதன் பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. தொண்ணூறு பேரும் வந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்ற பயணிகளும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஏறும்போது கூட்டம் எண்ணை முன்கூட்டியே கத்தியது. சரியாகச் சொன்னவளுக்குக் கைதட்டல். ஒருத்தி அறுபது கிலோதான் இருந்தாள். புதிதாக வியாபாரத்துக்கு வந்தவள். எல்லோரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். மதியம் வரை நிறுத்தேன். அடுத்த வாரம் முழுவதும் நிறுத்தேன். சராசரி எண்பத்தேழு கிலோ.

புதிய அட்டவணை கைக்கு வந்ததும்தான் உண்மையான போட்டி ஆரம்பித்தது. தோன் அர்னுல்ஃபோ இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். அது அவர்கள் தொழிலில் செய்யக்கூடாத காரியம், அவருக்கு அது பற்றிக் கவலையில்லை. எண்பத்தேழு கிலோவுக்கு யார் எத்தனை பேர் என்றார். ஹார்கிஸ் நூற்று நான்கு என்றார். ஃபூர்காத் நூற்றாறு என்றார். வழக்கமாக விற்கிற எஞ்சினுக்கு அவ்வளவுதான் முடியும். வலுவான எஞ்சின் இருவரிடமும் உண்டு, விலைதான் கூட. இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

“வலுவான எஞ்சினை அதே விலைக்குக் குடுத்தா?” என்றேன் நான், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே.

இருவரும் ஒரே சமயத்தில் போனை எடுத்துக்கொண்டு எதிரெதிர் மூலைக்கு ஓடினார்கள். ஃபூர்காத் சிலிண்டரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஹார்கிஸ் திரும்பி வந்தபோது உதடு நீலமாக இருந்தது. ஃபூர்காத் குழாயை அவரிடம் நீட்டினார். ஹார்கிஸ் துடைக்காமலே மூக்கில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது இவர்கள் இருவரையும் எனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது.

இருவரும் நூற்றிருபத்தாறில் வந்து நின்றார்கள். ஓர் ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தோன் அர்னுல்ஃபோ என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா.”

இழுப்பறையில் இன்னும் என் கடிதம் இருக்கிறது. என்னைக் கேட்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் பதில் எனக்குத் தெரியும். கோபிஹாவில் சாமான் ஏற்றுகிற இயந்திரம் கிடையாது. மூட்டையைக் கையால்தான் கொடுத்து வாங்க வேண்டும். ஃபூர்காத்தின் விமானம் காலை நீட்டி உயரமாக நிற்கும். ஹார்கிஸின் விமானத்துக்கு வயிறு தாழ்வு. ஆள் தரையில் நின்றபடியே கதவுக்குள் மூட்டையைத் தள்ளிவிடலாம்.

“வயிறு தாழ்ந்தது” என்றேன்.

ஹார்கிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள் வலித்தது. ஃபூர்காத் நோட்டுப் புத்தகத்தை மூடினார். “என் வாழ்நாள்ல விலையில தோத்திருக்கேன், வட்டியில தோத்திருக்கேன். கால் நீளம்னு தோத்தது இதான் முதல் தடவை” என்றார். போகும்போது என் புதிய அட்டவணையின் நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த மாதிரி ஊர்கள் இன்னும் இருக்கும், அங்கே முதலில் பாவாடையை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன் என்றார்.

ஒப்பந்தம் டிசம்பரில் கையெழுத்தானது. ஹார்கிஸின் கம்பெனியிலிருந்து ஒரு வக்கீல் பெண் வந்திருந்தாள். ‘பயணியின் சராசரி எடை, அணிந்திருக்கும் பாவாடைகள் அனைத்தும் உட்பட, எண்பத்தேழு கிலோ’ என்ற வரியில் அவள் நின்றுவிட்டாள். மதிய விமானத்தில் முக்கால்வாசி உட்காருகிறவர்கள் நாளைக்குப் பதினெட்டுப் பாவாடை கட்ட மாட்டார்கள் என்பதற்கு யார் உத்தரவாதம் என்று கேட்டாள். கம்பெனி தன் பங்குக்கு உத்தரவாதம் தருகிறது, மறுபக்கமும் ஒருவர் தர வேண்டுமாம். தோன் அர்னுல்ஃபோ என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு ஆள் அனுப்பி என் மாமியாரைக் கூப்பிட்டோம்.

அவர் நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வக்கீல் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன்.

“மதியம் பன்னிரண்டுக்கு நூத்தியிருபத்தாறு பேரைத் தூக்கும்னு இவங்க எழுதிக் குடுக்கறாங்களா?”

“எழுதியிருக்காங்க அத்தை.”

“ஒரு எஞ்சின் நின்னாலும்?”

“நின்னாலும்.”

“நீ பாத்தியா?”

“மூணு தடவை போட்டுப் பாத்தேன்.”

“அப்ப குடு.”

ஒரு பக்கத்தில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், கையெழுத்து, பதவி. ஹார்கிஸ் கம்பெனியின் துணைத்தலைவர் போட்டிருந்தார். தோன் அர்னுல்ஃபோ போட்டிருந்தார். வக்கீல் போட்டிருந்தாள். நான்காவது கட்டம் அட்டவணை தயாரித்தவருக்கு. நான் பேனாவை எடுத்துவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தேன்.

“அந்தக் கடுதாசியை எடை போட்ட அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்” என்றார் அவர் மெதுவாக. “போடும்மா.”

போட்டேன். பதவி: தலைமைப் பொறியாளர். காகிதத்தை மாமியார் பக்கம் நகர்த்தினேன். அவர் நாற்பது வயதுக்கு மேல் முதியோர் பள்ளியில் எழுதக் கற்றுக்கொண்டவர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினார். கையெழுத்துப் போட்டார். பதவி என்ற இடத்தில் பேனா நின்றது. மேலே இருந்த நான்கையும் வாய்க்குள் படித்துப் பார்த்தார். துணைத்தலைவர். தலைவர். சட்ட ஆலோசகர். தலைமைப் பொறியாளர்.

சங்கத் தலைவி என்று எழுதச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுதிவிட்டார். பயணி.

வக்கீல் பெண் ஏதோ சொல்ல வந்தாள். ஹார்கிஸ் வேண்டாம் என்று தலையசைத்தார். காகிதத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

“தொடாத” என்றார் என் மாமியார். “மை காயட்டும்.”